திருகோணமலையிலிருந்து தமிழ்நாட்டுக்குக் குறைந்த செலவில்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் இரவு பதினொரு மணிக்கு அம்மாவையும் தங்கச்சியையும் பஸ் நிலைய வாங்கில் இருத்திவிட்டு நான் லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்கினேன். மூன்று இடத்தில் அறை இருந்தது. மூன்று இடத்திலும் எங்கள் கடவுச்சீட்டைப் பார்த்ததும் இல்லை என்றார்கள். கையில் காசு இருந்தது, கதைக்கத் தமிழ் இருந்தது. ஆனால் புறப்பட முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அதைப் பற்றி ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

திருகோணமலையில் எங்கள் தெருவிலேயே இப்போது மூன்று குடும்பங்கள் இந்தியா போக வெளிக்கிட்டு என்னிடம் விபரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பத்து நாள், சாதாரண அறை, அரச பஸ், கோயில் தரிசனம் என்று போகிறவர்களுக்கானது இது. வேளாங்கண்ணி, நாகூர் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

தைப்பொங்கல் முடிந்து பங்குனி பிறக்கும் வரை உள்ள காலம்தான் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அடிக்கிற அதே வடகீழ்ப் பருவமழைதான் அங்கேயும். சித்திரை, வைகாசியில் திருச்சி வெயிலில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு கோயில் பிரகாரம் சுற்ற ஏலாது. மத்தியானக் கல்லில் கால் வைக்க முடியாது.

பொங்கல் வாரத்தையும் தீபாவளி வாரத்தையும் கட்டாயம் தவிருங்கள். சென்னையில் வேலை செய்கிற சனம் முழுவதும் அந்த நாட்களில் ஊருக்குப் போகும். ரயிலிலும் பஸ்ஸிலும் இடம் இராது, தனியார் பஸ்கள் கட்டணத்தைப் பல மடங்காக்கிவிடும்.

2. கடவுச்சீட்டு: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா. 2024 பெப்ரவரியில் சாதாரண கட்டணம் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரமானது. மூன்று பேர் கொண்ட குடும்பம் அவசரப்பட்டு ஒருநாள் சேவைக்குப் போனால் முப்பதாயிரம் கூடுதலாகப் போய்விடும். அந்தக் காசில் எங்களில் ஒருவருடைய அங்கத்தைய சாப்பாடும் அறையும் ஒரு வாரத்துக்கு மேல் ஓடும். அதனால்தான் மூன்று மாதம் என்கிறேன்.

பத்தரமுல்லை தலைமையகம் தவிர, நமக்குப் பக்கமாக இருப்பது வவுனியா அலுவலகம். 2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாணத்திலும் உண்டு. ஒன்லைனில் விண்ணப்பித்து, குறித்த பிரதேச செயலகங்களில் விரல் அடையாளம் கொடுக்கும் முறையும் இருக்கிறது. எந்தப் பிரதேச செயலகம், எந்த நாள் என்பதைக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் பார்த்துவிட்டே பஸ் ஏறுங்கள்.

எடுத்துவைக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, பழைய கடவுச்சீட்டு இருந்தால் அது, அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவில் படம் எடுத்த பற்றுச்சீட்டு. கலியாணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்களுக்கு விவாகச் சான்றிதழ்.

இதில் நம்மவர் கூடுதலாக மாட்டுவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் அதைத் திருத்துவதற்குப் போங்கள். வரிசையில் நின்ற பிறகு தெரியவந்தால் அந்த நாள் வீண்.

கடவுச்சீட்டு ஏற்கெனவே கையில் இருந்தால், அது இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும்.

3. விசா: சரியான தளம், சரியான பெயர்

சுற்றுலாவுக்கு ஈ-விசா போதும். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டில் ஒட்டித் தருகிற ஸ்ரிக்கர் விசா வேண்டியவர்களுக்குக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விண்ணப்ப நிலையம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்காகப் போகிறவர்கள் சுற்றுலா விசா எடுக்காதீர்கள், மெடிக்கல் விசா தனி.

தேடுபொறியில் இந்திய விசா என்று அடித்தால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளம். பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருக்கும். நான் அப்படி ஒன்றில் தங்கச்சியின் விபரம் முழுவதையும் நிரப்பி, காசு கட்டுகிற பக்கம் வந்தபோதுதான் தொகையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நிறுத்தினேன். இந்திய அரசின் தளத்து முகவரி கவ் டாட் இன் (gov.in) என்றுதான் முடியும். அந்த முடிவு இல்லாவிட்டால் ஒரு எழுத்தும் நிரப்பாதீர்கள்.

30 நாள் விசா, ஒரு வருட விசா, ஐந்து வருட விசா என்று மூன்று வகை உண்டு. 30 நாள் விசாவுக்குப் பயணத்துக்கு முந்திய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்கலாம். ஒரு வருட, ஐந்து வருட விசாக்களுக்கு 120 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். எதுவானாலும் நான்கு நாளாவது இடைவெளி வேண்டும். நான் இரண்டு வாரம் விட்டேன், அதுதான் நிம்மதி. நிராகரித்தாலும் கட்டிய காசு திரும்பி வராது.

பதிவேற்ற வேண்டியது இரண்டு. கடவுச்சீட்டின் படமுள்ள பக்கம், பிடிஎஃப் ஆக. உங்கள் படம், வெள்ளைப் பின்னணியில் சதுரமாக. ஸ்ரூடியோவில் தருகிற கடவுச்சீட்டுப் படம் நீள்சதுரம், அதைத் தளம் ஏற்காது. படம் எடுக்கும்போதே சதுரமாக வெட்டிய ஒரு பிரதியைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

படிவத்தில் இந்தியாவில் ஒருவருடைய பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் கேட்பார்கள். சொந்தக்காரர் இல்லாவிட்டால் நீங்கள் தங்கப்போகும் லொட்ஜின் விபரத்தைக் கொடுக்கலாம். ஆகவே லொட்ஜை முதலில் பேசி வையுங்கள்.

இனி பெயர். நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் ஒரு வரியிலும் ஏனைய பெயர்கள் இன்னொரு வரியிலும் இருக்கும். நமக்குப் பெரும்பாலும் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர் வரியில் வரும். பழக்கத்தில் நாம் அதை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதுவோம். விசாவிலும் டிக்கெற்றிலும் அப்படிச் சுருக்கக் கூடாது. எங்களுக்கு டிக்கெற் போட்டுத் தந்த கடையில் தங்கச்சியின் பெயருக்கு முன் ஒரே ஒரு எழுத்தைப் போட்டுவிட்டார்கள். விமான நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலம் நின்று, திருத்தக் காசும் கட்டி, கடைசி ஆளாக ஓடினோம். டிக்கெற் கையில் கிடைத்த அன்றே கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காசு கட்டுவதற்கு வங்கி அட்டையில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும். வங்கிக்குப் போனில் சொன்னாலே செய்து தருவார்கள். விசா வந்ததும் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள், போனில் காட்டலாம் என்று நம்பி இராதீர்கள்.

4. எந்த வழி: சென்னையை விடத் திருச்சி

முதல்முறை போகிறவர்கள் சென்னைக்கே டிக்கெற் தேடுகிறார்கள். நான் திருச்சியைத்தான் சொல்வேன். கோயில் பார்க்கப் போகிறவருக்குத் திருச்சி நடுவில் இருக்கிறது. ஸ்ரீரங்கமும் சமயபுரமும் பக்கத்திலேயே. தஞ்சாவூர் ஒன்றரை மணித்தியாலம், மதுரை மூன்று மணித்தியாலத்துக்குள். விமான நிலையமும் நகரத்தோடு ஒட்டியது. சென்னையில் இறங்கினால் தெற்கே வருவதற்கே ஒரு இரவும் ஒரு பஸ் காசும் போகும்.

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சி, மதுரை, சென்னை மூன்றுக்கும் விமானம் உண்டு. பறக்கிற நேரம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள். திருகோணமலையிலிருந்து இரவு மெயில் ரயில் ஓடுகிற நாளாக இருந்தால் அதுவே மலிவு, அதிகாலை கொழும்புக் கோட்டைக்கு வந்துவிடும். ஓடுகிறதா என்று ஸ்ரேஷனில் முதல் நாளே கேளுங்கள், மழைக்காலத்தில் பாதை அடிபடும். பஸ்ஸில் போகிறவர்கள் கொழும்புவரை போய்த் திரும்பிக் கட்டுநாயக்காவுக்கு வர வேண்டியதில்லை. குருநாகலில் இறங்கி நீர்கொழும்பு பஸ் எடுங்கள், அங்கிருந்து விமான நிலையம் கிட்ட.

பலாலியிலிருந்தும் சென்னைக்கு விமானம் இருக்கிறது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் இண்டிகோ தொடங்கியது. நாட்களும் நேரமும் மாறிக்கொண்டிருக்கும், பயணத் திகதிக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வவுனியா ஊடாக யாழ்ப்பாணம் பஸ் எடுத்தால் அன்றைக்கே போய்ச் சேரலாம். ஆனால் விமானம் காலையில் என்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு இரவு தங்க வேண்டி வரும். டிக்கெற் விலையை மட்டும் ஒப்பிடாமல் அந்த அறைக் காசையும், பொதிக்குத் தனியாகக் கேட்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கப்பலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு நான்கு மணித்தியாலம். 2023 ஒக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு திரும்பத் தொடங்கியது. வேளாங்கண்ணி, நாகூர் போகிறவர்களுக்கு இதுதான் நேர்வழி, வேளாங்கண்ணி நாகபட்டினத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். ஆனால் மூன்று விடயம். கடல் கொந்தளித்தால் சேவையை நிறுத்துவார்கள், மாரிகாலத்தில் வாரக்கணக்காகவும் நிற்கும். இலவசமாகக் கொண்டுபோகக்கூடிய பொதி குறைவு. மூன்றாவது, நாகபட்டினம் துறைமுகம் உங்கள் விசாவுக்கு அனுமதிக்கப்பட்ட நுழைவிடமா என்று விசாத் தளத்திலும் கப்பல்காரரிடமும் உறுதி செய்த பிறகே காசு கட்டுங்கள். கப்பல் நாளை நம்பி அடுத்த நாள் ரயிலுக்கோ விமானத்துக்கோ டிக்கெற் போடாதீர்கள்.

5. தங்குமிடம்: கேட்க வேண்டிய ஒரே கேள்வி

இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் அவரது விபரத்தை லொட்ஜ்காரர் அரசாங்கத்தின் தளத்தில் பதிய வேண்டும். அதை சி ஃபார்ம் என்பார்கள். சின்ன லொட்ஜ்கள் பலவற்றில் அந்தப் பதிவு வசதி இல்லை. பதியாமல் தங்கவைத்தால் அவர்களுக்குப் பொலிஸ் பிரச்சினை. ஆகவே நம் பேச்சைக் கேட்டு அறையைக் காட்டுவார்கள், கடவுச்சீட்டை நீட்டியதும் பின்வாங்குவார்கள். எங்களுக்கு மதுரையில் நடந்தது அதுதான். அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

செயலியில் பதிவு செய்து காசு கட்டினாலும் இது நடக்கும். செயலிக்கு நீங்கள் எந்த நாட்டவர் என்பது தெரியாது. எனவே திருகோணமலையில் இருக்கும்போதே லொட்ஜுக்கு நேரே போன் எடுத்து இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டு. சி ஃபார்ம் போட்டு அறை தருவீர்களா?" தருவோம் என்றால் பெயரையும் திகதியையும் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் செய்தியைக் காட்டினால் வரவேற்பில் வேறு ஆள் இருந்தாலும் கதை முடியும்.

கடவுச்சீட்டும் விசாவும் ஒரே தாளில் வருமாறு ஆளுக்குப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள், இரவில் பிரதி எடுக்கக் கடை தேடி அலைய வேண்டாம். சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டுக்காரர் பதிய வேண்டும். அவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊர் ஊராக அறை மாற்றாமல் ஓரிடத்தில் தங்கிப் போய்வருவதுதான் மலிவும் சுகமும். ஆறு இரவு திருச்சி, இரண்டு இரவு கும்பகோணம் அல்லது மயிலாடுதுறை என்று பிரித்தால் சிதம்பரமும் சீர்காழியும் அடங்கும். கோணேசர் மேல் பதிகம் பாடிய சம்பந்தர் பிறந்த ஊர் என்று சீர்காழியை அம்மா கேட்டுப் போனார். அங்கே தீர்த்தக்கரையில் அவர் வெகுநேரம் இருந்தார். அந்த அரை நாளுக்கு நாங்கள் செலவழித்தது பஸ் காசு மட்டும்தான்.

6. காசும் கைத்தொலைபேசியும்

நாங்கள் போனபோது ஒரு இந்திய ரூபா ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபா. உரிமம் பெற்ற நாணயமாற்றுக் கடையில் அல்லது வங்கியில் கடவுச்சீட்டையும் டிக்கெற்றையும் காட்டி டொலர் வாங்குங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். அங்கே விமான நிலையத்தில் அன்றைய செலவுக்கு மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை நகரத்தில் மாற்றுங்கள். யாராவது வீட்டில் வைத்திருந்த இந்திய இரண்டாயிரம் ரூபாத் தாளைத் தந்தால் வாங்காதீர்கள், 2023 மே மாதத்தில் அதைப் புழக்கத்திலிருந்து எடுப்பதாக அறிவித்துவிட்டார்கள்.

அங்கே பூக்கடை வரைக்கும் போனில்தான் காசு அனுப்புகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்கு வேண்டும். நம் கையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாத் தாள்கள் இருந்தால்தான் ஓட்டோவிலும் தேநீர்க் கடையிலும் அந்தரப்படாமல் இருக்கலாம். ஐந்நூறு ரூபாவைச் சாப்பாட்டுக் கடைகளில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அட்டைக்கு வருகிற ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) இலங்கை நம்பருக்குத்தான் வரும். புறப்பட முன் ரோமிங்கைத் திறந்துவையுங்கள். இந்திய சிம்முக்குக் கடவுச்சீட்டு, விசா, படம் வேண்டும். சின்னக் கடைகளில் வெளிநாட்டவருக்குத் தரத் தயங்குவார்கள், நிறுவனத்தின் சொந்தக் கடைக்கே போங்கள்.

எங்கள் செலவு: மூன்று பேருக்கு ஓர் அறை 1,200 இந்திய ரூபா. அறை, சாப்பாடு, பஸ், கோயில் அர்ச்சனை எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,100 வரை வந்தது. நம் காசில் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பத்து நாளுக்கு நாற்பதாயிரம் வையுங்கள், விமான டிக்கெற்றும் விசாவும் அதற்கு மேல். பத்தாயிரம் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

7. அங்கே ஓடித்திரிய

அரச பஸ்ஸை நம்புங்கள். திருச்சியிலிருந்து மதுரைக்கு நூறு ரூபாவைச் சுற்றித்தான். சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெற் இலவசம். அம்மாவிடமும் தங்கச்சியிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ்.

பஸ் நிலையங்கள் மாறிவிட்டன, முன்பு போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு அலையாதீர்கள். சென்னையில் தெற்கே போகிற பஸ்கள் 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன, கோயம்பேட்டிலிருந்து அல்ல. திருச்சியிலும் 2025இல் பஞ்சப்பூரில் புதிய நிலையம் திறந்தார்கள். லொட்ஜ் எடுக்கும்போது எந்த நிலையத்துக்குக் கிட்ட என்று கேளுங்கள்.

ரயில் டிக்கெற்றை 60 நாள் முன்பிருந்து பதியலாம். கடைசி நேரத் தட்கல் டிக்கெற்றை ஒன்லைனில் எடுக்க ஆதார் என்ற இந்திய அடையாள இலக்கம் வேண்டும், நமக்கு அது இல்லை. கடவுச்சீட்டோடு ஸ்ரேஷன் கவுன்ரருக்குப் போங்கள். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போன்ற கிட்டத் தூரத்துக்குப் பதிவில்லாத பெட்டியே போதும்.

பெரும்பாலான கோயில்கள் மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நான்கு மணிக்குத் திறக்கும். காலையில் ஒரு ஊர், சாத்திய நேரத்தில் பஸ் பயணம், மாலையில் அடுத்த ஊர் என்று வைத்தால் ஒரு நாளில் இரண்டு தலம் பார்க்கலாம். கட்டண வரிசைக்குக் காசு கொடுக்காமல் தர்ம தரிசன வரிசையில் நிற்கலாம், சனி, ஞாயிறும் பிரதோஷமும் தவிர. ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதும் அன்னதானம் உண்டு. நகரங்களில் அம்மா உணவகம் என்ற அரச மலிவு உணவகம் இருந்தால் இட்லி ஒரு ரூபா, சாம்பார் சாதம் ஐந்து ரூபா, தயிர் சாதம் மூன்று ரூபா.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் வெளிநாட்டவருக்கு 600 ரூபா, இந்தியருக்கு 40 ரூபா. சார்க் நாட்டவர் என்பதால் நமக்கும் 40 ரூபாதான். கவுன்ரரில் கடவுச்சீட்டைக் காட்டி இலங்கை என்று சொல்லுங்கள்.

8. புறப்படும் வாரம்

2025 ஒக்டோபர் முதல் இந்தியாவுக்குள் போகிறவர்கள் ஈ-வருகை அட்டையை ஒன்லைனில் நிரப்ப வேண்டும். வந்திறங்குவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் நிரப்பலாம், காசு கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் மூடிவிடுங்கள்.

திரும்பி வரும் டிக்கெற், முதல் லொட்ஜின் முகவரி, போன் நம்பர் இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் உள்ள மூத்தவரின் கைப்பையிலும் ஒன்று வையுங்கள். குடிவரவு மேசையில் அவரைத் தனியாகத்தான் கூப்பிடுவார்கள். மருந்துக்கு வைத்தியர் துண்டு இருக்கட்டும்.

நகை விடயத்தில் நம் பெண்களிடம் முதலே கதைத்துவிடுங்கள். தாலிக்கொடி, காப்பு, சங்கிலி என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனால் சுங்கத்தில் நிறுத்திக் கேட்பார்கள், சிலருடையதைப் பிடித்தும் வைத்திருக்கிறார்கள். அம்மா ஒரு மெல்லிய சங்கிலியும் தோடும் மட்டும் போட்டுவந்தார், மற்றதை வீட்டில் சித்தியிடம் கொடுத்துவிட்டார். திரும்பும்போது சேலையை வீட்டுக்குத் தேவையான அளவில் வாங்குங்கள். ஒரே மாதிரி இருபது இருந்தால் வியாபாரத்துக்கென்று இங்கே நிறுத்துவார்கள். கட்டுநாயக்காவில் இரவில் வந்து இறங்கினால் திருகோணமலை பஸ்ஸுக்கு விடிய வேண்டும். ஆகவே திரும்பும் டிக்கெற்றைக் காலை விமானத்துக்குப் போடுங்கள்.